மஞ்சள் மாத்திரை என்று ஒரு மருந்து இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பஸ்ஸில் ஏறினால் எங்கள் வாயில் இன்னமும் பழைய பெயர்தான் வருகிறது. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் 22 ஆண்டுகள் பிள்ளை பார்த்தவள் நான். பத்திரிகைக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் 9 வலி மாத்திரைகளுக்கு நான் கணக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

முழங்கால் வீங்கியபோது டாக்டர் எனக்கு மஞ்சள் நிறத்தில் 15 வலி மாத்திரைகள் எழுதிக்கொடுத்தார். சாப்பிட்டபின் ஒன்று, நாளுக்கு மூன்று வேளை, 5 நாள். இரண்டாம் நாளே வலி விட்டது. 6 தின்றேன், மீதி 9-ஐ மைலோ டின்னில் போட்டு வைத்தேன். எங்கள் வரிசையில் டின் இல்லாத வீடு கிடையாது. 1917-இல் மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் ஊர்ப் பக்கம்தான். நூறு வருடத்துக்கு மேலாகக் குலை வெட்டித் தூக்குகிற ஊரில் வலி மாத்திரையும் உப்பு, புளி மாதிரி கைமாற்றுச் சாமான் ஆகிவிட்டது. "அக்கா, மஞ்சள் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும், மஞ்சள்தூளா மாத்திரையா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இப்போது கணக்கு. பக்கத்து வீட்டு அக்காவின் பல்வலிக்கு 2. மருமகளின் மாதவிலக்கு வயிற்றுவலிக்கு 1. என் வீட்டுக்காரருக்கு 4. மிச்சம் 2.

அந்த 4-தான் என்னைத் தூங்கவிடாதவை. ஒரு திங்கட்கிழமை மதியம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. செம்பனை லாரி ஓட்டுகிறவர், ஒருநாள் படுத்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). ஆனால் அரை நாள் உட்காரவேண்டும் என்று அவர் மறுத்தார். சரி, என் முழங்காலைச் சரியாக்கிய மருந்து இவர் உடம்பைச் சரியாக்காதா என்று செவ்வாயும் புதனும் காலை ஒன்று, இரவு ஒன்று கொடுத்தேன். வியாழக்கிழமை காய்ச்சல் இறங்கியது. லாரி எடுத்துக்கொண்டு போனார். எனக்கோ உள்ளுக்குள் பெருமை.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். இரண்டு தடவை வாந்தி. வாய் கொப்பளித்துத் துப்பினால் ஈறிலிருந்து இரத்தம். மருத்துவமனையில் முதல் கேள்வியே, "என்ன மருந்து சாப்பிட்டார்?" என்பதுதான். நான், "மஞ்சள் மாத்திரை" என்றேன். கேட்ட தாதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மஞ்சளில் எத்தனையோ மாத்திரை உண்டாம். மகன் வீட்டுக்கு ஓடிப்போய் டின்னைக் கொண்டுவந்தான். நான்தான் மாத்திரை அட்டையை ஒவ்வொன்றாகக் கத்தரித்து வைத்திருந்தேனே, பெயரில் பாதியும் காலாவதித் தேதி முழுவதும் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. அந்தப் பாதிப் பெயரை வைத்து அங்கிருந்த மருந்தாளுநர்தான் கண்டுபிடித்தார்: மெஃபெனமிக் அமிலம், 500 மில்லிகிராம்.

டிங்கி. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் 38,000-க்கு இறங்கியிருந்தன. 6 நாள் வார்டில் இருந்து பிழைத்து வந்தார். டிங்கியைக் கொடுத்தது கொசு, மாத்திரை இல்லை என்று டாக்டர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்துச் சொன்னது ஆறுதல் இல்லை. இந்த வகை வலி மாத்திரைகள் இரைப்பையை அரிக்கும், இரத்தம் உறையவிடாமல் பிளேட்லெட்டின் வேலையையும் தடுக்கும். டிங்கியில் பிளேட்லெட் ஏற்கெனவே குறைகிறது. அதனால் டிங்கியோ என்று சந்தேகம் இருக்கும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒன்றைத்தான் தொடவேண்டும். இன்னொன்றும் சொன்னார்: டிங்கியில் ஆபத்தான நேரமே காய்ச்சல் இறங்கிய பிறகுதான் வரும். நான் பெருமைப்பட்ட அந்த வியாழக்கிழமை!

பாராசிட்டமால்தானே என்று அதையும் வாரி விழுங்கமுடியாது. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ, நடுவில் குறைந்தது 4 மணி நேரம் விடவேண்டும், 24 மணி நேரத்தில் 8-ஐத் தாண்டக்கூடாது. தடுமன் மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் இதே மருந்து ஒளிந்திருக்கிறதாம். கிளினிக்கில் கொடுத்ததை ஒரு பக்கம், கடையில் வாங்கிய தடுமன் மாத்திரையை இன்னொரு பக்கம் தின்றால் அளவு இரட்டித்து ஈரல் கெடும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் மோசம். தெரியாமல் கூடுதலாகத் தின்றுவிட்டால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மாற்றுமருந்து உண்டு, 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். தினமும் மது குடிக்கிறவர்களுக்கு அந்த 8 மாத்திரையே அதிகம். (சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைப் பற்றித் தனிக் கடிதம் எழுதலாம், எங்கள் ஊரில் எனக்கு எதிரிகள் ஏற்கெனவே போதும்.)

பல்வலிக்கார அக்காவின் கதையையும் மருந்தாளுநரிடம் சொல்லிவைத்தேன். அக்காவுக்கு இனிப்புநீர், இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. சில இரத்த அழுத்த மாத்திரைகளோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் இந்த வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும் என்றார். அக்கா மூன்றையும்தான் விழுங்கியிருக்கிறார். வலி மாத்திரை இரண்டோடு நின்றது அவர் அதிர்ஷ்டம்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெஸரை நினைத்துக்கொள்கிறேன். கலவை மருந்துக்குப் பாட்டிலை நாம்தான் கொண்டுபோகவேண்டும், வேளைக்கு எவ்வளவு என்று பக்கவாட்டில் காகிதம் வெட்டி ஒட்டித் தருவார். மாத்திரை என்றால் அவர் கண்ணெதிரிலேயே விழுங்கவேண்டும். இரண்டு நாளைக்குமேல் கொடுக்கமாட்டார். கஞ்சன் என்று திட்டியிருக்கிறோம். ஆனால் எந்த லயத்து வீட்டிலும் அவர் மருந்து மிச்சம் இருந்ததில்லை.

இப்போது மருந்துப் பையில் எல்லாம் அச்சடித்துத்தான் தருகிறார்கள். வேளைக் கணக்கு மலாயில் இருக்கிறது, மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. என்னைப் போலத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர்களுக்கு இதில் கண்ணுக்குத் தெரிவது நிறம் மட்டும்தான். தமிழில் அச்சடிக்கச் சொல்லி அமைச்சுக்கு மனுப் போடலாம், வரும்போது வரட்டும். நான் கேட்பது உங்களிடம். வாரம் ஒருமுறை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, இந்த வலி மாத்திரைகளின் பெயரைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பக்கம் பக்கமாகப் போடுங்கள்: மெஃபெனமிக் அமிலம், டைகுளோஃபெனாக், ஐபுபுரொஃபென், நேப்ரோக்சன், ஆஸ்பிரின். மருந்தாளுநர் சொல்லச் சொல்ல நான் மருந்துப் பையின் பின்பக்கம் எழுதிவந்த பெயர்கள் இவை. டிங்கியிலும், புண் வந்த வயிற்றிலும், பழுதான சிறுநீரகத்திலும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாதவை, ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு மூச்சைப் பிடிப்பவை என்று கீழே இரண்டு வரி போதும். ஆஸ்பிரினுக்கு மட்டும் இன்னொரு வரி சேருங்கள்: இருதயத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்து அதைத் தினமும் தின்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடக்கூடாது, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போய்க் கேட்கவேண்டும்.

மீதி 2 மாத்திரைகளைக் கிளினிக் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொள்கிறார்கள். மைலோ டின்னில் இப்போது ஊசியும் நூலும் இருக்கின்றன.

அந்தக் கட்டத்தை மருத்துவப் பக்கத்தில் போடவேண்டாம் ஐயா. ராசிபலனுக்குப் பக்கத்தில் போடுங்கள். எங்கள் ஊரில் கத்தரித்து வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத்து ஆயா ஒருவர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்