வதனிக்கு, கிளிநொச்சியிலிருந்து

அன்பின் வதனி,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிவிட்டது. கோபிக்காதே. பொங்கலுக்கு முந்தின வாரம் வரை கொழும்பில் அண்ணாவின் கட்டிலடியில் இருந்தேன். இங்கே இப்போது அரிவு வெட்டு. அண்ணா வேப்பமர நிழலில் கதிரை போட்டு இருந்து வெட்டு மெசின்காரரோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேனை எடுக்க மனம் வந்தது.

2009இல் சண்டை நேரம் மாத்தளனில் தறப்பாள் கொட்டில் எரிந்து அவர் தலையில் உருகி ஒட்டியது உனக்கு மறந்திருக்காது. அந்தத் தழும்பு ஒருநாளும் முழுதாக ஆறவில்லை. கசியும், காயும், திரும்ப வெடிக்கும். போன ஆடியில் ஓரம் தடித்து மேலெழும்பி, தலையணை உறையில் இரத்தம் படத் தொடங்கியது. முதலில் போன இடத்தில் மூன்று மாதம் மருந்து கட்டியே அனுப்பினார்கள். சதையில் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது. கடைசியில் சோதித்தபோது புற்று. மார்ஜோலின் புண் என்று பெயர் சொன்னார்கள். தழும்பில் வரும் இப்படியான புண்களைப் பற்றி மார்ஜோலின் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1828இலேயே எழுதியிருக்கிறார்.

வெட்டி எடுத்தால் என் உள்ளங்கையை விடப் பெரிய வெளி. தலைத் தோல் இறுக்கமானது, பக்கத்தால் இழுத்து மூட முடியாது. தொடைத் தோலைச் சீவி ஒட்டலாமே என்று கேட்டேன். எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு மிஞ்சியிருந்தால் ஒட்டலாம், அதில் இரத்தம் ஓடும், வெறும் எலும்பில் தோல் பிடிக்காது என்றார் டொக்டர். அண்ணாவுக்குச் சவ்வும் இல்லை, மண்டையோட்டிலேயே ஒரு துண்டையும் எடுக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் முதுகுத் தசையைப் பற்றிச் சொன்னார். அக்குளுக்குக் கீழே விசிறி போல விரிந்த தசை. அதை, அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாடியோடும் திருப்பிக் கொண்டுபோகும் நாளத்தோடும் கிளப்பி, தலையில் விரித்து, அந்தக் குழாய்களைத் தலையிலுள்ள குழாய்களோடு தைப்பார்கள். உன் காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துப் பார், ஒரு துடிப்புத் தெரியும். அந்த நாடியில்தான் இணைத்தார்கள். இரண்டு மில்லிமீற்றர் அளவு அகலம்தான் இருக்கும். நூல் தலைமயிரை விட மெல்லியது, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் தைக்க முடியும். நாற்றைப் பிடுங்கி நடுவது வேறு, வளர்ந்த மரத்தை வேர்மண்ணோடு தூக்கிவந்து நட்டு அன்றே வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விடுவது வேறு. இது இரண்டாவது. தசையின் மேல்தான் தொடைத் தோலை ஒட்டினார்கள், அங்கே அது பிடித்தது. தலையில் இப்படி முதலில் செய்ததை 1972இல் மக்லீன், பங்கி என்ற இரு வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்தது வயிற்றுக்குள் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையை.

ஒப்பரேசன் ஒன்பது மணித்தியாலம். அதைவிட அடுத்த மூன்று இரவுதான் என்னைக் கொன்றது. தைத்த இடத்தில் இரத்தம் கட்டினால் தசை செத்துவிடும். நாடி அடைத்தால் வெளிறும், நாளம் அடைத்தால் நீலம் பாய்ந்து வீங்கும், உடனே திரும்பத் தியேட்டருக்குக் கொண்டு போக வேண்டும். மணிக்கொரு தரம் தாதி மிஸ்ஸி வந்து பேனை போன்ற ஒரு கருவியை வைப்பா. உள்ளே இரத்தம் ஓடுவது சூ, சூ என்று கேட்கும். இரண்டாம் இரவு, மூன்று மணி இருக்கும், சத்தம் இல்லை. அவ கருவியை எடுத்துத் துடைத்து, ஜெல் பூசி, ஒரு விரல் தள்ளி வைத்தா. கேட்டது. நான் அவவின் கையைப் பிடித்து அழுதுவிட்டேன். அவவுக்குத் தமிழ் தெரியாது, என் தோளில் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனா.

இப்போது அந்த இடம் கொஞ்சம் புடைத்துத்தான் இருக்கிறது, போகப்போக வற்றுமாம். மயிர் முளைக்காது. அடியில் எலும்பில்லாத இடத்தில் மூளையின் துடிப்பு மேலே தெரிகிறது, அண்ணி இன்னும் அதைப் பார்க்க மாட்டா. அங்கே டைட்டானியம் வலை வைப்பதா என்று பிறகு பார்ப்பார்களாம். அடுத்து கதிர்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பளைக்குப் போக வேண்டும்.

சரி, நான் எழுத வந்தது இதற்குத்தான். உன் தம்பியின் காலில் உள்ள எரிகாயத் தழும்பு வெயிலுக்கு வெடிக்கிறது, எண்ணெய் பூசுகிறான் என்று எழுதியிருந்தாய். நீ ரொறன்ரோவில் இருந்து என்ன செய்வாய்? ஞாயிற்றுக்கிழமை நான் ஒட்டுசுட்டானுக்கு பஸ் ஏறுகிறேன். திங்கள் காலை அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேட்பேன். வெட்டு நேரம், வர ஏலாது என்பான். சனி இரவே கோல் எடுத்துச் சொல்லிவிடு, உன் சொல்லைத்தான் கேட்பான்.

அன்புடன்,
சாந்தி