பெரும்பாக்கத்தில் அப்பாவை ஏற்றிய ஆட்டோக்கார அண்ணாவுக்கு

2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். எனக்கும் பிள்ளைகளுக்கும் இப்போது இதுதான் வீடு. மறதி நோய் வந்த அப்பாவுக்கு மட்டும் வீடு இன்னும் சிந்தாதிரிப்பேட்டையில்தான் இருக்கிறது.

போன வாரம் யாருக்கும் சொல்லாமல் கிளம்பி உங்கள் ஆட்டோவில் ஏறி, "நேப்பியர் பார்க் பக்கம், வீட்டுக்குப் போப்பா" என்றிருக்கிறார். மே தினப் பூங்காவின் பழைய பெயர் அது. உங்களுக்கு அது தெரிந்திருந்ததே பெரிய விஷயம்! போகிற வழியிலேயே அவர் நிலை உங்களுக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்த சீட்டைப் பார்த்து எனக்குப் போன் செய்தீர்கள். "பதறாதீங்க தங்கச்சி, ஆசைப்படுறாரு, ஒரு தடவை காட்டிட்டுக் கூட்டியாறேன்" என்றீர்கள்.

வீடு இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. "இடிச்சாச்சு பெரியவரே" என்று நீங்கள் சொல்லவில்லை. பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்து, யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று அவர் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். நாங்களே அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. அப்புறம் அத்தனை தூரம் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, காசும் வாங்காமல் போய்விட்டீர்கள்.

இதைப் படித்தால் ஒரு நாள் சாப்பிட வாருங்கள் அண்ணா. உங்களைப் பழைய தெருக்காரர் என்றே அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.