ஒரு கிளாஸ்தானே என்று நீட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது. திறந்த இல்ல உபசரிப்பு, கல்யாணம், காதுகுத்து என்று வரிசையாக வரும். அதற்கு முன் இந்தக் கடிதம் உங்கள் வாசகர்கள் கண்ணில் பட்டால் நல்லது என்று எழுதுகிறேன்.

நான் பட்டர்வொர்த் பாகான் டாலாமில் வீட்டோடு துணி தைப்பவள். என் தம்பி ஒரு காலத்தில் மோசமாகக் குடித்தவன். விட்டுப் பல வருடமாகிறது. இப்போது பிறையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். அவனைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுக்கா, பேரை மட்டும் போட்டுடாதே" என்றான்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாண விருந்து. எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்த மாமா முறை ஆள் ஒருவர், "அதான் நல்லா ஆயிட்டியேடா, இன்னும் என்ன பயம்? ஒரு கிளாஸ் பீர் ஒண்ணும் பண்ணாது" என்று ஆரம்பித்தார். "வேணாம் மாமா" என்றான் தம்பி. அவர் விடவில்லை. ஐஸ் போட்ட கிளாசை அவன் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பி கை கழுவுவதுபோல எழுந்து போனான். போய்ப் பார்த்தால், கார் நிறுத்தும் இடத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறான்.

அந்த மாமா கெட்ட மனிதர் இல்லை. எங்கள் அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர். அவர் நினைப்பு என்னவென்றால், ஒருவன் குணமாகிவிட்டான் என்றால் நாலு பேரைப் போல அளவாகக் குடிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அவனுக்கு இன்னும் சரியாகவில்லை. நம்மில் பல பேருக்கு இதே நினைப்புதான். அது தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். என் தம்பியைப் போல உடம்பே குடிக்கு அடிமையாகிப் போனவர்களுக்குக் குணமாவது என்பது குடி இல்லாமல் வாழ்வது. திரும்ப அளவாகக் குடிக்கக் கற்றுக்கொள்வது அதில் சேராது. எப்போதாவது விசேஷத்தில் ஒரு வாய் குடிப்பவர்கள் கதை வேறு. அவர்களை வைத்து இவர்களை அளக்கக் கூடாது.

விடுவதே சாதாரண விஷயம் இல்லை. "மனசு வச்சா ஒரே நாளில் விட்டுடலாம்" என்பார்கள். தினமும் காலையிலிருந்து குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால், ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 நாளிலிருந்து 4 நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். என் தம்பிக்கு மூன்றாம் ராத்திரி வந்தது. சுவரெல்லாம் எறும்பு போகிறது என்று துண்டால் தட்டிக்கொண்டே இருந்தான். சுவரில் ஒன்றுமே இல்லை. "இங்கே பாருக்கா, உன் மெஷின் மேலயும் ஏறுது" என்று என் தையல் மெஷினைத் துடைத்தான். துடைத்துக் கொடுத்துவிட்டு, திரும்பத் துடைத்தான். விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து கொடுத்தார்கள், வைட்டமின் பி1 ஊசியும் போட்டார்கள். நீண்ட நாள் குடித்தவர்களுக்கு அந்தச் சத்து குறைந்து மூளையையே பாதிக்கும் என்று டாக்டர் அப்போதுதான் விளக்கினார்.

சாமி மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு. தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு படியேறியவள்தான் நானும். ஆனாலும் தினமும் குடிப்பவரைக் கோயிலில் சத்தியம் வாங்கி, கயிறு கட்டி, அன்றைக்கே நிறுத்த வைப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் சொன்னாலே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அப்புறம், ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிற பவுடர், மாத்திரை எதையும் தொடவே தொடாதீர்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகச் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது. டாக்டர் கொடுத்து, சாப்பிடுகிறவருக்கும் தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது. தெரியாமல் அதன் மேல் குடித்துவிட்டால் வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆபத்தாகிவிடும்.

சரி, மருத்துவமனையிலிருந்து வந்தாயிற்று, குடிக்கவில்லை. குணமாகிவிட்டானா? எங்கள் வீட்டில் அந்த முதல் வருடம், குடித்த காலத்தைவிடக் கஷ்டமாகவே இருந்தது. ராத்திரி தூங்க மாட்டான். குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவான். கடைக்குப் போய்வந்த சின்ன விஷயத்துக்குக்கூடப் பொய் சொல்வான். குடிக்காதபோதே இப்படியா என்று தம்பி மனைவி அழுதாள். குடி போன இடத்தில் வேறெதுவும் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அது வருவதற்கு நாளாகும்.

டாக்டர்களிடமும் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வகுத்தபடி, 3 மாதம் குடிநோயின் அறிகுறி இல்லையென்றால் ஆரம்பத் தணிவு, அதாவது நோய் அடங்கத் தொடங்கிய நிலை. 12 மாதம் தாண்டினால் நீடித்த தணிவு. குடிக்கணும்போல இருக்கிற அந்த ஆசை மட்டும் எட்டிப் பார்த்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைக் கேட்டபோது எனக்கு மனசு லேசானது. ஆசை வருவதாலேயே ஒருவன் தோற்றுவிட்டான் என்று ஆகாது. வரும்போது என்ன செய்கிறான் என்பதைப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு மண்டபத்தில் தம்பி செய்தது அதைத்தான். அவன் பேசியது ஏ.ஏ. கூட்டத்தில் பழக்கமான ஒருவரோடு. ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு. அந்த அமைப்பு பிறந்ததே இப்படி ஒரு போனில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வந்த பில் என்ற பங்குத் தரகர் குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் தோற்றுப்போய் ஹோட்டலில் தனியாக நிற்கிறார். பார் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போகாமல், ஊரிலுள்ள பாதிரியார்களுக்குப் போன் போட்டு, குடியோடு போராடுகிற இன்னொருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் என்ற அறுவை மருத்துவர். அதே வருடம் ஜூன் 10ஆம் தேதியை, பாப் கடைசியாகக் குடித்த நாளை, அந்த அமைப்பின் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். இருவரும் சாகும்வரை குடிக்கவில்லை. நம் நாட்டிலும் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. சேர்வதற்குக் குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. குடும்பத்தாருக்கென்று தனியாக அல்-அனான் என்ற அமைப்பை பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கினார். வீட்டில் இருப்பவர்களும் தேற வேண்டுமே.

என் தம்பி தேறிவிட்டான் என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன்? பழைய மளிகைக் கடைக்காரரிடம் அவனாகவே போய், மறந்துபோன கடனைச் சொல்லி, மாதம் ஐம்பது வெள்ளியாகக் கட்டி முடித்தான். வேலை முடிய நேரமானால் என்ன காரணமோ அதை அப்படியே சொல்கிறான். மகள் அவனோடு பேசாமல் இருந்த காலத்தில் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. டியூஷன் முடியும் நேரத்துக்கு மோட்டாரோடு வாசலில் நிற்பான், அவள் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் ஏறிக்கொள்வாள். இப்போது பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அவனிடம்தான் முதலில் சொல்கிறாள்.

நம் சமுதாயம் குடிக்கு எதிராகச் சும்மா இருந்ததில்லை. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்து அடிபட்டார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சம்சு என்ற மலிவுச் சாராயத்தை எதிர்த்துப் பல்லாண்டுகளாகக் குரல் கொடுக்கிறது. கடையை மூடச் சொல்லிப் போராடுகிற நாம், கடையிலிருந்து வெளியே வந்துவிட்டவனுக்கு நம் பந்தியில் என்ன மரியாதை வைத்திருக்கிறோம்? இனிப்பு நீர் உள்ளவர் கேசரி வேண்டாம் என்றால் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. அவரைக் கோழை என்று சொல்வதும் இல்லை.

அதனால் விசேஷம் வைப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பீர் வைக்கிற மேசையைத் தனியாகத் தள்ளி வையுங்கள். சாப்பாட்டு மேசையில் சிரப்பும் பார்லித் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். வேண்டாம் என்றவரிடம் காரணம் கேட்காதீர்கள். கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் வாரத்தில் ஒரு சாயங்காலம், பூட்டிக் கிடக்கும் ஓர் அறையை இப்படிப்பட்ட கூட்டங்களுக்குத் திறந்துவிடலாம். நாலு நாற்காலியும் ஒரு ஃபிளாஸ்க் காப்பியும் போதும், மைக் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். உதவி கிடைக்கும் இடங்களையும் நேரத்தையும் உங்கள் பத்திரிகை விசாரித்து, தீபாவளி மலரில் ஒரு கால் பக்கம் போட்டால், எங்களைப் போன்ற பல வீடுகள் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஓர் அக்காள்,
பாகான் டாலாம், பட்டர்வொர்த்