மேட் நேகி அவர்களே, திட்டத்தை ஃபீல்ட்ஸுக்காக எழுதுங்கள்

(2021 செப்டம்பர் இறுதியில் எழுதிய கடிதம்)

சிகாகோ பேர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் மேட் நேகி அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 26 அன்று கிளீவ்லாந்தில் நடந்ததை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. 26-6 என்ற தோல்வியையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதன் உள்கணக்கைப் பொறுக்க முடியவில்லை. நம் குவாட்டர்பேக் (பந்தெறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் பந்தெறிந்து சேர்த்தது 68 கஜம். அவர் ஒன்பது முறை பந்தோடு வீழ்த்தப்பட்டதில் அணி இழந்தது 67 கஜம். ஒரு முழு ஆட்டத்தின் பந்தெறிதலில் மிஞ்சியது ஒரே ஒரு கஜம்.

22 வயது இளைஞர். தொடக்க குவாட்டர்பேக்காக அவருக்கு இது முதல் ஆட்டம். எதிரே கிளீவ்லாந்தின் தற்காப்பு வீரர் மைல்ஸ் காரெட். அவர் கணக்கில் மட்டும் நான்கரை வீழ்த்தல்கள் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை). இது நடந்துகொண்டிருக்கும்போதே திட்டம் மாறியிருக்க வேண்டாமா? பெரும்பாலும் ஐந்து பேரை மட்டும் தடுக்க நிறுத்தி, ஃபீல்ட்ஸை அவர்களுக்குப் பின்னால் ஒரே இடத்தில் நிற்கவைத்தீர்கள். உதவிக்கு, தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் ஒரு டைட் எண்டைக் கூடுதலாக நிறுத்தியிருக்கலாம். பந்தோடு ஓடும் வீரர் மான்ட்கோமரியிடம் பந்தைக் கொடுப்பதுபோல் போக்குக் காட்டி, ஃபீல்ட்ஸைப் பக்கவாட்டில் ஓடவிட்டு எறியச் செய்திருக்கலாம். அவ்வளவு வேகமான கால்கள் உள்ளவரை ஒரே இடத்தில் நட்டுவைப்பதற்காகவா, புதிய வீரர்களுக்கான தேர்வில் (டிராஃப்ட்) அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் விட்டுக்கொடுத்து 11-ஆம் இடத்துக்கு ஏறிப் போய் அவரை எடுத்தோம்?

அவர் அடிக்கு அஞ்சுகிறவர் அல்லர். இந்த ஜனவரியில் கல்லூரி ஆட்டத்தில் கிளெம்சனுக்கு எதிராக விலாவில் பலத்த அடி வாங்கிய பிறகும் ஆடி, மொத்தம் ஆறு டச்டவுன் (புள்ளி தரும் எறிதல்) எறிந்தார். அந்தத் துணிவை நம்பியே அவரை ஆட்டந்தோறும் அடிபட விடுவது நியாயமல்ல.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: திட்டத்தை ஃபீல்ட்ஸுக்காக எழுதுங்கள். இது புதுமையான யோசனையும் அல்ல. பால்டிமோரில் பயிற்சியாளர் ஜான் ஹார்பா, குவாட்டர்பேக் லமார் ஜாக்சனுக்காகத் தாக்குதல் ஆட்டத்தையே மாற்றியமைத்தார். 2019-இல் அந்த அணி 14 ஆட்டங்களில் வென்றது, ஜாக்சன் ஒருமனதாக மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார். பிலடெல்பியாவில் உங்கள் பழைய தோழரும் பயிற்சியாளருமான டக் பீடர்சன், குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸுக்கு இயல்பாக வரும் நகர்வுகளையே அழைத்து சூப்பர் பௌல் (பருவத்தின் இறுதிப் போட்டி) வென்றார். அந்த ஃபோல்ஸ் இன்று உங்கள் அணியில்தான் இருக்கிறார். அவரையே கேட்டுப் பாருங்கள்.

அவ்வளவு தூரமும் போக வேண்டாம். சென்ற ஆண்டு ஆட்டம் அழைக்கும் பொறுப்பை, அதாவது ஒவ்வொரு முறையும் எந்த நகர்வு என்று சொல்லும் வேலையை, நீங்களே உங்கள் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் பில் லேசரிடம் கொடுத்தீர்கள். அப்போதைய குவாட்டர்பேக் ட்ருபிஸ்கியை நகரவிட்டு எறியச் செய்தபோது, தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் 30 புள்ளிகளோ அதற்கு மேலோ வந்தன. பிறகு ஏன் அந்தப் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள்?

இந்த ஊரின் மனக்குறை உங்களோடு தொடங்கியதல்ல. நூறாண்டு கடந்த இந்த அணியில் ஒரே பருவத்தில் 4,000 கஜம் எறிந்த குவாட்டர்பேக் ஒருவர்கூட இல்லை. 2017 தேர்வில், பின்னாளில் பெரும் நட்சத்திரமான குவாட்டர்பேக் மஹோம்ஸ் இருக்கும்போதே ட்ருபிஸ்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் இளைஞர்தான் குற்றவாளி ஆகிறார். அவருக்குத் தரப்பட்ட திட்டத்தை யாரும் விசாரிப்பதில்லை. தோற்ற பிறகு செய்தியாளர் முன்னால் பழியை ஏற்றுக்கொள்கிறீர்கள், அது பெருந்தன்மைதான். ஆனால் அதனால் ஃபீல்ட்ஸ் மீது விழும் அடி ஒன்றுகூடக் குறையவில்லை.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். நீங்களும் குவாட்டர்பேக்காக ஆடியவர். காலூன்ற நேரமில்லாமல் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்டோபர் 3 அன்று டெட்ராய்ட் அணி சோல்ஜர் ஃபீல்டுக்கு வருகிறது. அதற்குள் திட்டத்தை ஃபீல்ட்ஸுக்காக மாற்றி எழுதும்படியும், ஆட்டம் அழைக்கும் பொறுப்பை லேசரிடம் திரும்ப ஒப்படைக்கும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேர்ஸ் அணியின் ரசிகன் ஒருவன்