பிள்ளைப்பேற்றுக்கு முன் மனநலத்தையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முன்னர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற என் மகள் கருவுற்றபோது, பிள்ளைக்குக் கேடு வருமென்ற அச்சத்தில், எவரிடமும் கேளாமல் குளிசைகளை நிறுத்திவிட்டு, ஆறாம் மாதத்தில் உறக்கமின்றி அழுதாள். சோடியம் வல்புரோவேற்று போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிப்பது உண்மையே. ஆயினும் எல்லா மருந்துகளும் அத்தகையவை அல்ல என்பதையும், திடீரென நிறுத்தினால் நோய் மீளக்கூடும் என்பதையும் மனநல வைத்தியர் விளக்கிய பின்னரே அவள் தெளிந்தாள். பிள்ளை பிறந்தபின் அவளுக்கு உறக்கம் கிடைக்கும்படி, இரவில் பிள்ளையைப் பார்ப்பது யாரென்பதையும் அன்றே பேசிவைத்தோம்.

கிளினிக்கில் நிறையும் இரத்த அழுத்தமும் பார்ப்பதுபோல, பழைய மனநோய் பற்றியும், உறவினர் அருகில் இல்லாத வேளையில், குடும்பநல உத்தியோகத்தர் கனிவாகக் கேட்க வேண்டும். பேற்றுக்கால மனச்சோர்வை அறிய உதவும் எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகள் தமிழிலும் உள்ளன. பேற்றின் பின் முதல் இரு வாரங்களில் உறக்கமிழப்பும் குழப்பப் பேச்சும் தோன்றினால், பேய் பிடித்ததென்று எண்ணிக் கழிப்புக் கழிப்பதற்காகக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஒரு தாய்,
களுவாஞ்சிகுடி.