பத்திரத்தை இப்படியா ஸ்கேன் செய்வது?

ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் மன்னார்குடி பக்கம் சில ஜெராக்ஸ் கடைகளில் பழைய கிரயப் பத்திரத்தைக் கொடுத்தால், ஃபைல் சைஸ் குறையட்டும் என்று 100 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு, கூடினால் எழுத்து தெளிவாகும்) கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்து தந்துவிடுகிறார்கள். மங்கிய மையும் ஊதா முத்திரையும் அதில் போயே போய்விடும், சர்வே எண்ணில் 3 எது 8 எது என்றே தெரியாது. சாதாரண எழுத்துக்கு 300 டிபிஐ போதும். பொடி எழுத்து, புல வரைபடம் என்றால் 600, ஃபைல் பெரிதாகும், பரவாயில்லை. முத்திரை இருந்தால் கண்டிப்பாகக் கலர். முதலில் நல்ல தரத்தில் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, இணையத்தில் ஏற்றுவதற்கு மட்டும் அதிலிருந்து சிறிதாக்கிக்கொள்ளலாம். சிறியதை அப்புறம் பெரிதாக்கினால் போன எழுத்து திரும்பாது. 2018 கஜா புயலைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம், அசல் பத்திரம் நனைந்து போனால் ஸ்கேன்தான் மிஞ்சும். கடைக்காரர்களே, நாங்கள் கேட்காமலே 300-இல் வைத்துக் கொடுங்கள்.

– வாசகர், மன்னார்குடி