பத்தமடைப் பாயும் சாய்வெழுத்தும்

பாளையங்கோட்டை,
ஆனி மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. மாலையானால் இங்கேயும் காற்று குளிர்ந்து வருகிறது. கார் நடவுக்கு அணையைத் திறப்பார்களா என்பதுதான் இப்போது டீக்கடைப் பேச்சு. வீட்டில் அவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை. மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மற்றபடி சொல்லும்படி ஒன்றுமில்லை. உன் கட்டுரைக்கு வருகிறேன்.

பத்தமடைப் பாயைப் பற்றி நீ ஆங்கிலத்தில் எழுதியிருப்பது நன்றாகவே வந்திருக்கிறது. கோரையை மெல்லியதாகக் கிழித்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடும் இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆனால் கோரை, பாவு, பட்டுப்பாய் என்று தமிழ்ச் சொல் வரும் இடமெல்லாம் இரட்டை மேற்கோள் குறி போட்டு வைத்திருக்கிறாயே, ஏன்? பக்கம் முழுக்க எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது.

மேற்கோள் குறியைப் பார்த்ததும் ஆங்கில வாசகன் இரண்டில் ஒன்றை நினைப்பான். இது வேறொருவர் வாயிலிருந்து வந்தது என்று நினைப்பான். இல்லையென்றால், எழுதுகிறவருக்கே இதில் நம்பிக்கை இல்லை என்று நினைப்பான். டவுனில் ஒரு அல்வாக் கடையின் ஆங்கிலப் பலகையில் ‘ப்யூர்’ என்ற சொல்லை மட்டும் மேற்கோள் குறிக்குள் எழுதியிருக்கிறார்கள். சொல்லை எடுப்பாகக் காட்டுவதாகக் கடைக்காரருக்கு நினைப்பு. வெளியூர்க்காரர் வாசித்தால் நெய்யைச் சந்தேகப்படுவார். உன் நெசவாளரின் கோரைக்கும் அந்தக் கதி வரவேண்டாம்.

இந்தத் தொல்லை நமக்கு ஏன் வருகிறது என்று யோசித்தேன். தமிழில் ‘என்று’, ‘என்ற’, ‘என்பது’ ஆகிய மூன்றும் மேற்கோள் குறியின் வேலையைப் பார்த்துவிடுகின்றன. ஏட்டுச்சுவடிகளில் மேற்கோள் குறியே கிடையாது. ஐரோப்பியர் கொண்டுவந்த அச்சோடு வந்த சரக்கு அது. ‘கோரை தண்ணீரில் ஊறுகிறது’, ‘கோரை என்பது தேமாச் சீர்’ ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள். முதலாவது புல், இரண்டாவது வெறும் சொல், அது எந்தத் தண்ணீரிலும் ஊறாது. நமக்கு ‘என்பது’ வந்ததும் விளங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படியொரு துணைச்சொல் எப்போதும் கூட வருவதில்லை. எழுத்தின் கோலத்தை மாற்றித்தான் காட்டவேண்டியிருக்கிறது. சொல்லைச் சொல்லாகப் பேசும் இடத்தில் சாய்வெழுத்து; அதன் பொருளைத் தருகிறாயா, அது ஒற்றை மேற்கோளுக்குள். மொழியியல்காரர்களின் பழக்கம் இது. சொல்லுக்கும் பொருளுக்கும் ஒரே குறியைப் போட்டால் எது எதுவென்று தெரியாமல் போகும் என்பதால் உனக்கும் இதுவே சரி. அமெரிக்கப் பதிப்பகங்கள் நடை விதிகளுக்குப் புரட்டிப் பார்க்கும் சிகாகோ கையேடு, சொல்லைச் சுட்டும்போது சாய்வெழுத்து, மேற்கோள் இரண்டுக்குமே இடம் கொடுக்கிறது. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்.

உன் கட்டுரையில் கோரை பெரும்பாலும் புல்லாகத்தான் வருகிறது. அதற்கு என்ன செய்வது? ஆங்கில வாசகனுக்குப் பழக்கமில்லாத சொல் என்பதால் முதல் முறை வரும்போது சாய்த்து, பொருளைச் சொல்லிவிடு. அடுத்த வரியிலிருந்து நேராகவே ஓடட்டும். கறி, சுருட்டு, கட்டுமரம் எல்லாம் ஆங்கில அகராதிக்குள் குடியேறிவிட்டவை. அவற்றை ஒருபோதும் சாய்க்காதே. தாமிரபரணியையும் சேரன்மகாதேவியையும் சாய்த்திருக்கிறாய். ஊர்ப்பெயருக்கும் ஆள்பெயருக்கும் அது வேண்டியதில்லை. கால்டுவெல் 1881இல் இந்த ஜில்லாவின் வரலாற்றை எழுதினாரே, அந்த நூலின் பெயரை எழுதும்போது சாய்வெழுத்து போடு. திருநெல்வேலியை ஊராக எழுதும்போது வேண்டாம்.

தாய்மொழிச் சொல்லைச் சாய்ப்பதே அதை அந்நியமாக்குகிற காரியம் என்று சொல்லி, இப்போது பல எழுத்தாளர்கள் சாய்வை அடியோடு விட்டுவிடுகிறார்கள். கதைக்கு அது பொருந்தும். தறியில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி தன் கோரையைச் சாய்வெழுத்திலா நினைக்கிறாள்? ஆனால் நீ எழுதுவது கதையில்லை, தொழிலை விளக்கும் கட்டுரை. புதுச் சொல் வரும் இடத்தில் வாசகனுக்கு ஒரு முறை கைகொடுப்பதில் தப்பே இல்லை என்பது என் கட்சி.

சாய்வெழுத்தின் பூர்வீகம் தெரியுமா? வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகக்காரர், 1501இல் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளை முழுக்க அந்த எழுத்திலேயே அச்சிட்டார். அச்சு வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. வேடிக்கை என்னவென்றால், அதில் பெரிய எழுத்துகள் மட்டும் நேராகவே நின்றன. ஆங்கில முதல் எழுத்தின் சிறிய வடிவத்தைக் கூர்ந்து பார்: நேரெழுத்தில் தலைக்கு மேல் ஒரு வளைவு இருக்கும், சாய்வெழுத்தில் அந்த வளைவு போய், உருண்டை வயிறும் ஒரு காலும் மிஞ்சும். நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்தது அல்ல, கையெழுத்திலிருந்து பிறந்த தனி வடிவம் அது. நம் எழுத்துக்கு அப்படி ஒரு வடிவம் வளரவே இல்லை. கணினியில் தமிழைச் சாய்த்தால் கொம்பெல்லாம் காற்றடித்ததுபோல் ஒரு பக்கம் சரிகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. தமிழில் எழுதும்போது ஒற்றை மேற்கோளே போதும்.

இன்னும் ஒன்று. சொல்லின் பொருளை மேற்கோளுக்குள் வைத்த பிறகு வரும் காற்புள்ளியை வெளியே போடு. அமெரிக்கர்கள் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் உள்ளே தள்ளுவார்கள். ஆனால் மொழியியல் கட்டுரைகளில் அவர்களே பொருள் மேற்கோளுக்கு வெளியே வைப்பதுண்டு. உன் பதிப்பகம் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று முதலில் கேட்டுக்கொள். அதைக் கேட்காமலே நீ தட்டச்சு செய்திருப்பாய் என்பது எனக்குத் தெரியும்.

உன் தாள்களில் சிவப்புப் பென்சிலால் ஒற்றை அடிக்கோடு போட்ட இடமெல்லாம் சாய்வெழுத்து. டைப்ரைட்டரில் சாய்வு கிடையாது என்பதால் அடிக்கோட்டைப் பார்த்துத்தான் அந்தக் காலத்துக் கம்பாசிட்டர் சாய்ந்த அச்சை எடுத்துக் கோத்தார். ப்ரூஃப் குறியில் இன்றைக்கும் அதற்கு அதுவே பொருள். நெளிகோடு போட்டால் தடித்த எழுத்து. அதை உனக்கு எங்கேயும் போடவில்லை. ‘பட்டுப்பாய்’க்குப் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். முதல் முறை தலைப்பிலேயே வந்துவிடுவதால், சாய்வைத் தலைப்பில் தொடங்குவதா, உள்ளே தொடங்குவதா என்பதை நீயே முடிவு செய். தலைப்பு முழுவதையும் சாய்வில் அச்சிடுவார்களானால், அந்த ஒரு சொல்லை மட்டும் நேராக நிறுத்தவேண்டியிருக்கும்.

நெல்லையப்பர் தேருக்கு வருவதாயிருந்தால் முன்கூட்டியே எழுது. மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்கிறேன். மீதித் தாள்களையும் கையோடு எடுத்து வா.

இப்படிக்கு,
உன் பள்ளிக்கூடத்துத் தோழன்